மூக்கடைப்பை மறைத்த மதியம்

நீலகிரித் தைலத்தை மூக்கருகே கொண்டுபோனாலே எனக்கு உன்மேல் கோபம் வருகிறது. இன்று காலையும் வந்தது. நீ போய் ஆறு வருடமாகியும் இந்தப் பாழாய்ப்போன பொறாமை மட்டும் போகவில்லை.

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை உனக்கு. அந்த இரைச்சலில் குரல் எடுபடாது. "மத்த சிக்னல்லாம் நான் மட்டும்தான் காட்டணும். நிறுத்துன்னு எவன் காட்னாலும் கிரேன் நிக்கணும்" என்பாய். கல்யாணமான புதிதில், இருவருக்கும் பிடித்தே படுக்கையறையில் ஒருவரைக் கட்டிப்போடும் விளையாட்டைத் தொடங்கியபோது, அதே சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாய். துப்பட்டாவால் என் வாயைக் கட்டுமுன் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பாய். நான் அதைக் கீழே போட்டால் அந்த நொடியே எல்லாம் நிற்க வேண்டும். வாய்க்குள் துணி திணிக்கக் கூடாது, முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், கத்தரிக்கோல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், என்னை விட்டுவிட்டு நீ அறையைத் தாண்டக் கூடாது. "சளி புடிச்சினு இருந்தா மொதல்லயே சொல்லிடு. இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாய்.

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று ஒருநாள் கேட்டேன். மறைக்கத் தெரியாதவன் நீ. எனக்கு முன் உன்னோடு பழகிய கவரப்பேட்டைக்காரி, மூக்கடைப்பைச் சொல்லாமல் கட்டச் சொன்னாளாம். அப்போது உங்களுக்குள் சாவியும் இல்லை, சைகையும் இல்லை. மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்த பிறகுதான் உனக்குத் தெரிந்ததாம். நல்லவேளை, நீ உடனே அவிழ்த்ததில் பிழைத்தாள்.

அன்றிலிருந்து உன் அக்கறை முழுவதும் அவள் உடுத்திக் கழித்த சேலையாக எனக்குத் தோன்றியது. அவளைவிட நான் தாங்குவேன் என்று உனக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் புத்தியில். ஒரு ஞாயிறு மதியம் சளியை மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, கட்டு" என்றேன்.

கால் நிமிடம்கூட ஆகவில்லை, மூச்சு வரவில்லை. சாவி விழுந்த சத்தம் அடங்குமுன் முடிச்சை அவிழ்த்துவிட்டாய். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாய்.

"ஏன்டி மறச்ச? நீயுமா?"

மூச்சு வாங்கிக்கொண்டே நான் நினைத்தது என்ன தெரியுமா? இவன் அழுவது எனக்காகவா, அவளுக்காகவா என்றுதான். கேட்கவில்லை.

அடுத்த வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. சாவுக்கு அவளும் வந்து ஓரமாக நின்றாள். உன் கையால் மூச்சு முட்டி, உன் கையாலேயே மூச்சு திரும்பியவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டே பேர். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழும்போதும், நான் ஒருத்தி மட்டுமாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் வயிறு எரிந்தது.