எலுமிச்சம்பழம் பிழிந்த கை

அன்பு மகள் துர்காதேவிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் நைனா, தம்பி பாஸ்கர் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், வீடுதான் சரியில்லை, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அந்தக் கனடா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் அம்மனிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் நைனா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நீ கேட்கும் கேள்வி எனக்கு, பதில் அவருடையது என்று ஆகிவிடுகிறது. இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதும் அவர்தான். நீ அனுப்பிய புகாரை நீயே வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உனக்கு நல்லபடியாக எடுத்துச் சொல்லி எழுத வேண்டுமாம். பேனாவும் நாலு தாளும் அவரே கும்மிடிப்பூண்டியில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். தாளை வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் எழுதப்போவது அவர் சொன்னதை இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குப் பாதிதான் தெரியும். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் நம்மூரில் மாடு விட்டார்கள் அல்லவா, இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டி, நடுவில் ஒவ்வொரு மாடாக விட்டு, எத்தனை நொடியில் எல்லைக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்த்தார்கள். பெண்கள் நிற்க இடமில்லை என்று மருத்துவக் குழுவுக்குப் போட்டிருந்த டிராக்டர் டிரெய்லரில் என்னை ஏற்றிக்கொண்டது ஏஞ்சலின். மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக வேலை பார்க்கிற பெண், பக்கத்து ஊர், இரண்டு வருடமாக நம் மாடுகளுக்கெல்லாம் அவள்தான் ஊசி மருந்து. அவளும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், நானும் வைத்துக்கொண்டு நின்றேன். நம் காளை கருடன் மூன்று வருடத்துக்கு முன்னால் தானாக ஓடி எல்லோரையும் வாயைப் பிளக்க வைத்தது, அதற்குப் பிறகு இரண்டு வருடமும் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டது, டீக்கடையில் அதைப் பால்மாடு என்று கேலி பேசினார்கள், உன் நைனா பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த வருடம் ஓடினால் உனக்குக் காட்ட வேண்டும் என்று நான் முழுசாகப் படம் பிடித்தேன். ஓடியது. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று சாயங்காலமே பெருமையாக உனக்கு அனுப்பினேன். அதில் முதல் ஒன்பது நொடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தது எல்லைக் கோட்டை.

நீ பார்த்துவிட்டாய். துண்டை மேலே போட்டு மறைத்துக்கொண்டு ஒரு கை கருடனின் வலது கண்ணில் எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறது. நீ அந்த ஒன்பது நொடியை மட்டும் வெட்டி எடுத்துப் பேர் போடாமல் மேலதிகாரிகளுக்குப் புகாராக அனுப்பிவிட்டாய். தை முடிவதற்குள் விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள், மாசித் திருவிழாவுக்கு மாடு விட அனுமதி விசாரணை முடியும் வரைக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டு, இந்தக் கை யாருடையது என்று போனில் ஓட்டிக் காட்டினார்கள். செப்புக் காப்பு, கட்டை விரலில் கதிர் அறுக்கும்போது பட்ட தழும்பு. ஊரே அங்கே நின்றது, எல்லோருக்கும் தெரிந்தது, ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. உன் நைனா கையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் சும்மாதான் நின்றேன், அதையும் எழுதிவிடுகிறேன். டிரெய்லர் மேலிருந்து எடுத்த படம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அந்தப் படம் என்னை விட்டால் உன்னிடம்தான் இருக்கிறது.

கை யாருடையது என்று கேட்க வந்தவர்கள் போன பிறகு, படம் எடுத்தது யார் என்று ஊர் கேட்க ஆரம்பித்தது. டிரெய்லரில் போனோடு நின்றது யார், ஏஞ்சலின். ஆஸ்பத்திரி ஆள், வெளியூர்ப் பெண், கேட்பதற்கு ஆளில்லை, முடிந்துவிட்டது தீர்ப்பு. நம்மூர் மாட்டுக்கு அவளைக் கூப்பிடக் கூடாது என்றார்கள். அவள் அம்மா நம்மூர் சொசைட்டிக்குத்தான் பால் ஊற்றுகிறாள், அந்த அம்மாவிடம் யாரும் பேசுவதில்லை. அதோடு விட்டார்களா, அவளை இங்கிருந்து தூக்க வேண்டும் என்று மனு ஒன்று எழுதி நூற்று நாற்பது கையெழுத்து வாங்கினார்கள். அவளுக்கு நிரந்தர வேலை கிடையாது துர்கா, காண்ட்ராக்ட். மாற்றல் எல்லாம் இல்லை, அனுப்பினால் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அந்த மனுவில் பன்னிரண்டாவது கையெழுத்து உன் நைனாவுடையது. மாடு விட்ட அன்று ராத்திரி கருடனின் கண் வீங்கித் தண்ணீராக ஊற்றியபோது பைக்கை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே இவர்தான். தூசி விழுந்துவிட்டது என்று அவளிடம் சொன்னார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கண்ணைக் கழுவி மருந்து விட்டாள், மூன்று நாள் காலையும் மாலையும் வந்தாள். அவளுக்கு எதிராகவே அதே கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பால் ஊற்றப் போனேன். சொசைட்டி மேசையில் விழாக் கமிட்டித் தலைவர் ராஜமாணிக்கம் அந்த மனுவை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னாம்மா, நீ மட்டும்தான் பாக்கி, போட்டுட்டுப் போ, எல்லாம் அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு பண்ண பேஜாரு என்றார். வரிசையில் கடைசியில் ஏஞ்சலினுடைய அம்மா கேனோடு தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கேனைக் கீழே வைத்தேன். படம் எடுத்தது நானு, அனுப்பினது எம் பொண்ணு, அந்தக் கை எங்க ஊட்டுக்காரரோட கை, அது உங்க எல்லாருக்கும் தெரியும், இன்னா பண்ணுவீங்களோ பண்ணிக்கினு போங்க என்று சொல்லிவிட்டேன். ராஜமாணிக்கம், ஊட்டுக்காரரைக் காட்டிக் குடுக்கிற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்கறேன் என்றார். நல்லா பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டுப் பாலை ஊற்றிவிட்டுத்தான் வந்தேன், அதை ஏன் விட வேண்டும்.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. உன் நைனா கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர்ல எல்லாரும் பண்றதுதானே, நான் மட்டும் இன்னா புதுசாப் பண்ணிட்டேன் என்று ஒரே வார்த்தைதான். நானும் ஒரே வார்த்தைதான் சொன்னேன், எல்லாரும் பண்றதுன்னா துண்ட எதுக்குப் போட்டு மறைச்ச என்று. அதிலிருந்து சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், பேச்சு பாஸ்கர் வழியாகத்தான். அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வருகிறான், அவனை உட்கார வைத்து அம்மாவிடம் இதைச் சொல், நைனாவிடம் அதைச் சொல் என்று இரண்டு பேரும் பாடாய்ப் படுத்துகிறோம். நவரை நெல் நடவுக்குக் களை எடுக்க எட்டுப் பேர் வருவதாக இருந்தது, செங்கம்மாள் மட்டும்தான் வந்தாள், மற்றவர்களுக்கு அன்றைக்கே உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. நானும் அவளும் இரண்டு நாளில் ஒரு கழனியை முடித்துவிட்டோம். மிச்சத்தையும் முடிப்போம், களை யாருக்காகவும் காத்திருக்காது.

இனி உன்னிடம் வருகிறேன். அம்மா நம் கட்சி என்று நினைத்து ரொம்பச் சந்தோஷப்படாதே. மாடு விடுவதையே அடியோடு நிறுத்த வேண்டும் என்று புகாரில் எழுதியிருக்கிறாயாம். அதில் நான் உன் பக்கம் இல்லை, நேராகவே சொல்கிறேன். கருடனுக்கு வருடம் முழுக்கப் பருத்திக்கொட்டை அரைத்துப் போடுவது நான், உண்ணி எடுப்பது நான், எங்கேயோ இருக்கும் கம்பெனிக் கரி வந்து வைக்கோலில் படிகிறதே, அதை உதறி உதறிப் போடுவது நான். ஓட வேண்டும் என்று தோன்றிவிட்டால் அது கழனி வரப்பில் தன்னால் ஓடும், யாரும் விரட்ட வேண்டாம், ஓடி முடித்துவிட்டு நின்று தலையை ஆட்டும் பார், அதற்குப் பிடிக்காமலா ஆட்டுகிறது. மாட்டை விடட்டும், ஓடினால் ஓடட்டும். ஓடாமல் திரும்பினால் அதுவும் அதன் இஷ்டம், கூட்டிக்கொண்டு வந்து தண்ணீர் காட்ட வேண்டியதுதான். எலுமிச்சம்பழம் பிழிந்து ஓட வைத்தால் அது மாட்டின் ஓட்டமே கிடையாது, டீக்கடைக்குப் பதில் சொல்ல மனிதன் ஓடும் ஓட்டம். இதை நான் உன் நைனாவிடமும் சொல்வேன், கமிட்டியிடமும் சொல்வேன், பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு மாட்டையே பார்க்காமல் தடை போடு என்கிறவர்களிடமும் சொல்வேன். யாருக்கும் பிடிக்காது, பிடிக்க வேண்டியதில்லை.

போன ஆடி மாதம் உங்கள் ஊரில் அந்த ரோடியோ நடக்கும் இடத்துக்கு வெளியே அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று போட்டோ அனுப்பினாய். பால்குடி மறக்காத கன்று ஓடும்போது குதிரை மேலிருந்து கழுத்தில் கயிறு வீசி இழுத்துத் தள்ளி மூன்று காலைச் சேர்த்துக் கட்டுகிறார்கள், அதற்கும் நொடிக் கணக்கு என்று சொன்னாய். எருதின் இடுப்பில் வார் போட்டு இறுக்கித் துள்ள வைக்கிறார்கள் என்றும் சொன்னாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தொப்பி போட்ட ஆள்கள் முறைத்துக்கொண்டு போகிறார்கள், நீ அசையாமல் நிற்கிறாய், முகம் நன்றாகத் தெரிகிறது. உன் நைனா அதைத்தான் ஒரு வாரம் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டு, எம் பொண்ணு வெள்ளக்காரன் ஊர்ல நின்னு கேள்வி கேக்குது பாரு என்று எல்லோரிடமும் காட்டினார். வெள்ளைக்காரன் ஊரில் முகத்தைக் காட்டிக் கேட்டவள் சொந்த ஊருக்கு ஏன் பேர் இல்லாமல் எழுதினாய்? ஊருக்குப் பயந்து என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கையை உனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட பஸ்ஸுக்கு உன்னை இழுத்துக்கொண்டு ஓடிய கை, உனக்குத் தெரியாமலா இருக்கும். நைனா மேல் நானே எப்படிப் பேர் போட்டுப் புகார் கொடுப்பது என்று கலங்கியிருப்பாய், அழுதும் இருப்பாய். நடுவில் பத்து நாள் நீ போன் எடுக்காதபோதே எனக்குப் புரிந்தது. பெற்றவளுக்கு அது புரியும் கண்ணு. ஆனால் நீ விட்ட அந்த இடத்தில் ஊர் ஏஞ்சலினுடைய பேரை எழுதிவிட்டது. நான் பால் சொசைட்டியில் கத்தியதெல்லாம் வாய்ப்பேச்சு. அவளைக் காப்பாற்ற அம்மா பொய் சொல்கிறாள் என்று கமிட்டி இப்போது புதுக் கதை கட்டுகிறது. எழுத்தில் ஒன்று இருந்தால்தான் அந்த மனு நிற்காது.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாபஸ் வாங்காதே. மறுபடியும் எழுது. வெட்டிய ஒன்பது நொடியை மட்டும் அனுப்பாமல் முழுப் படத்தையும் அனுப்பு. அதில் கருடன் எரிச்சல் தாங்காமல் ஓடுகிறது, நான் குதித்துக் குதித்துக் கத்துகிறேன், அந்தக் குரலும் அவர்கள் காதில் விழட்டும், எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். படம் எடுத்தது அம்மா புவனேஸ்வரி, ஏஞ்சலினுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெளிவாக எழுது. மாடு விடுவதை நிறுத்தச் சொல்வது உன் அபிப்பிராயம், அதை நீ எழுதிக்கொள், நான் வேறு மாதிரி சொல்வேன், இரண்டு பேரும் ஒன்றையே சொல்ல வேண்டும் என்று சட்டமா. விசாரணை இருபத்தேழாம் தேதி, இந்தக் கடிதம் கூரியரில் கைக்கு வந்ததும் ஒரு நாள் கூடத் தள்ளாதே. உன் நைனா விசாரணைக்கு வந்து அது தன் கை இல்லை என்று சொல்லப்போகிறாராம், பாஸ்கரிடம் சொல்லி அனுப்பினார். சொல்லட்டும். எதிர் பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லட்டும். இருபத்தெட்டு வருடம் அந்தக் கைக்குச் சோறு போட்டிருக்கிறேன், அதைத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்காக அவரை விட்டுவிடுவேன் என்றும் நினைக்காதே, அவரோடுதான் பஸ்ஸில் போவேன், அவரோடுதான் திரும்பி வருவேன்.

வேலைக்கு ஓடும் அவசரத்தில் நாஷ்டா சாப்பிடாமல் போகாதே, காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள், மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். நீயும் அவரும் நூறு வருடம் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. புகாரின் கீழே வெறும் துர்கா என்று போட்டால் அது யாரோ. முனிகிருஷ்ணன் மகள் துர்காதேவி என்று முழுசாகப் போடு. அவர் பேரை விடாதே.

உன்னைப் பெற்றவள்,
மு. புவனேஸ்வரி