வளவுக்காரி

2024 பங்குனி 5
வவுணதீவுக்குப் போய் வந்தேன். நிருஷா இன்றும் வாசல் படலையிலேயே நின்று பேசினாள். "அவரிட்டக் கேக்காம உங்கள உள்ள கூப்பிட ஏலாதுக்கா." கன்னம் வீங்கியிருந்தது. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள், புருசன் தனோஜனோடு போன வருசம்தான் ஊர் திரும்பினாள். அயலில் அவளுக்குப் பெயர் இந்தியாக்காரி. அவளுக்கு இரவில் நித்திரை இல்லை. படலைச் சத்தம் கேட்டாலே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள்.

இந்த ஆலோசகர் வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். இன்னும் கோபம் வருகிறது. வரட்டும்.

பங்குனி 9
மறுபடி அடி. பெண்கள் பாதுகாப்பு இல்லத்துக்கு வரச் சொன்னேன்.

"முகாம்ல 'உங்க ஊருக்குப் போ'ன்னாங்க. இங்க 'இந்தியாவுக்கே போ' எண்டுறாங்க. அவர் 'வெளிய போடி'ங்கிறார். நீங்களும் போகத்தான் சொல்றீங்க."

இல்லத்து விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பங்குனி 10
சோறு இறங்கவில்லை. என் புருசன் இஷாம், "என்னோட கோவமா றஸீனா? சண்டையெண்டா நான்தானே வெளிய போகணும். இது ஒன்ட சீதன ஊடுதானே" என்று சிரித்தார்.

அட! இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. வவுணதீவில் மட்டும் என்ன வேறா? நிருஷா இருக்கும் வளவு, அந்த வீடும் காணியும், அவள் அம்மா கண்ணகைக்குச் சீதனமாக வந்தது; அம்மாவுக்குப் பிறகு அவளுக்குத்தான். பிறகு அவள் ஏன் போகவேண்டும்? எனக்கு ஏன் இது உறைக்கவில்லை?

பங்குனி 12
சொன்னேன். வளவு உன்னுடையது, போகவேண்டியவன் தனோஜன்தான் என்று நிருஷாவிடம். "நான் அவரப் போகச் சொல்லலாமாக்கா?" நீதிமன்றமே சொல்லும், பாதுகாப்புக் கட்டளை கேட்போம் என்றேன். அது வரும்வரை இரவில் பக்கத்து வீட்டு அன்னப்பூரணியிடம் போய்த் தங்குகிறாள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் மறித்தார். "குடும்பமெண்டா அப்பிடித்தான் புள்ள. சமாதானமாப் போங்க."

"அடி வாங்குறது நீங்க இல்லத்தானே ஐயா" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

பங்குனி 27
கட்டளை கிடைத்தது. தனோஜன் அந்த வளவுக்குள் கால் வைக்கக்கூடாது. நிருஷா தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

சித்திரை 3
நேற்று அவன் படலைக்கு வந்து கத்தினானாம். அன்னப்பூரணி பொலிசுக்குப் போன் அடித்திருக்கிறாள். அவர்கள் வருமுன்னே நிருஷா படலையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்: "இது எங்கம்மாட வளவு. நீ போ."

போய்விட்டான். இதைச் சொல்லும்போதும் அவளுக்குக் குரல் நடுங்கியது. நடுங்கட்டும், சொல்லிவிட்டாளே. வரும் வழியெல்லாம் அழுதேன், சந்தோசத்தில்தான்.

சித்திரை 20
நிருஷாவுக்கு நித்திரை இன்னும் சரியில்லை. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அதற்குத் தந்த மருந்து தொடர்கிறது. நான் வழக்கம்போல ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் படலையடியில் நின்றேன்.

"என்னக்கா அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."