கரிக்குழியில் ஏற்றிய பானை

ஜூலை 3, வியாழன்

மழை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடிந்து மிலாறு குவிந்து கிடக்கிறது. முன்பெல்லாம் இந்த வெட்டிய குச்சிகளை அடுப்புக்குக் கட்டிக்கொண்டு போவோம். இப்போது தோட்டத்தில் கரித் திட்டம் வந்திருக்கிறது. எரித்தால் கார்பன் புகையோடு போய் உலகத்தைச் சூடாக்குமாம். குழியில் கரியாக்கிப் புதைத்தால் பல நூறு வருஷம் மண்ணுக்குள்ளேயே கிடக்குமாம். நல்ல காரியம்தான். ஒரு குச்சியும் வெளியே போகாமல் பார்ப்பது என் வேலை.

நாகலெட்சுமி ஒரு கட்டோடு போனாள். மறித்தேன்.

“மக பிள்ளை பெத்திருக்கா சீதா. தண்ணி காய வைக்கணும்.”

“வெச்சிட்டுப் போங்கக்கா.”

வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 9

தங்கச்சி அனோஜாவுக்கு ஆண் பிள்ளை. மாதம் நிறையவில்லை. கைக்குள் அடங்குகிறான்.

ஜூலை 12

தங்கச்சியும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் ஆளுக்கொரு கட்டு மிலாறு போடுவது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வழக்கம். இன்று ஒன்றுகூட இல்லை. யாரைக் குறை சொல்ல? எல்லாருடைய கட்டையும் இறக்க வைத்தவள் நான்தானே.

அடுப்பில் ஈர விறகு. புகைதான் மிச்சம். பிள்ளையின் விரலெல்லாம் சில்லுன்னு இருக்கு. பயமா இருக்கு.

ஜூலை 14

நாலு குச்சி எடுத்தால் யாருக்குத் தெரியும்? நாகலெட்சுமியை மறித்த எனக்குத் தெரியுமே.

குழி எரியும்போது கிட்ட நிற்க முடியாத சூடு. அது சும்மாதானே போகுது? இரண்டு இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டுத் தண்ணீர்ப் பானையை ஏற்றினேன். கொதித்தது. கரியும் குறையவில்லை. போய் நாகலெட்சுமியிடம் சொன்னேன். “அப்படியா” என்று கதவைச் சாத்தினாள்.

ஜூலை 18

பானைகள் கூடிவிட்டன. நாகலெட்சுமியும் வந்தாள். பானையை மட்டும் நீட்டினாள்.

ஜூலை 22

திட்டத்து ஜீவராஜ் சார் வந்தார்.

“நாளைக்குத் திட்டத்தைப் பாக்க வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. இந்தச் சட்டிபானையெல்லாம் எடுத்துருங்க. பாக்க அசிங்கமா இருக்கு.”

“பச்சப்புள்ளைங்களுக்குத் தண்ணி சார்.”

“ஒரு நாள்தானே?”

குளிருக்கு அது தெரியுமா?

ஜூலை 23

எடுக்கவில்லை.

ஜூலை 25

நான் சொல் கேட்காதவளாம். காவலுக்கு வேறு ஆள் போட்டாயிற்று, நான் மறுபடி கொழுந்தெடுக்க வேண்டும். வந்தவர்கள் பானைகளைப் படமெடுத்துக்கொண்டு ஜீவராஜ் சாரைப் பாராட்டினார்களாம்! அதனால் பானைகளுக்கு இனித் தடையில்லை.

சாயங்காலம் பானையோடு குழிக்குப் போனேன். “வரிசையில நில்லுங்க” என்றான் புது ஆள். கடைசியில் போய் நின்றேன்.

முன்னால் நின்ற நாகலெட்சுமி திரும்பினாள். “ஒங்க வீட்டுப் புள்ளதான் சின்னது” என்று என் கையிலிருந்த பானையை வாங்கி, தன்னுடையதற்கு முன்னால் வைத்தாள்.