நரம்பு என்று சொன்னதால் வந்தது

நவம்பர் 12, புதன். இரவு 11.20. இன்று பதினான்கு ஸ்கேன் எடுத்தேன். பதின்மூன்றை மறந்துவிட்டேன்.

பதினான்காவது ஆள் முருகேசன், அருள்புரத்தில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். துணி ரோல் சரிந்து தலையில் விழுந்ததிலிருந்து தலைச்சுற்றல், வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது. அப்போது எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல் என்பதால் நடிக்கிறான் என்கிறாராம் சூப்பர்வைசர். இன்றைய எம்.ஆர்.ஐ.யிலும் ரத்தக்கசிவு தெரியவில்லை. மூளை நரம்பு இழைகளைக் காட்டும் தனிப் படமும் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். அது எதற்கு என்று அவன் அம்மா கேட்டார்.

"நரம்புல அடி பட்டிருக்கான்னு பாக்கத்தானுங்க" என்றேன்.

அவர் முகமே மாறிவிட்டது. "நரம்புங்களா? தையில கல்யாணம் வெச்சிருக்குதுங்க தம்பி. நரம்புத் தளர்ச்சின்னு பொண்ணு ஊட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதானுங்க."

"அது வேறங்க. இது தலைக்குள்ள இருக்கறது."

"தலைன்னா இன்னும் மோசமுங்க."

முருகேசன் சிரித்தான், உடனே நெற்றியைப் பிடித்துக்கொண்டான். படம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி மெஷினில் நிற்கப் போகிறான். அவன் நடிக்கவில்லை என்று அந்தப் படம் காட்டியிருக்கலாம். காட்டாமலும் போயிருக்கலாம். இப்போது அந்த வாய்ப்பும் இல்லை.

நாளை:

1. டாக்டரையே அந்த அம்மாவிடம் பேசச் சொல்ல வேண்டும்.
2. படம் இல்லாமலே ஓய்வுச் சீட்டு எழுத முடியுமா என்று கேட்க வேண்டும்.
3. நரம்பு என்று இனி வாயைத் திறக்கக் கூடாது. மூளைக்குள் ஓடும் வயர் என்று சொல்லலாம். வேண்டாம், கரண்ட் வைப்பீங்களா என்று கேட்பார்கள்.