உப்பைக் குறைத்த தக்காளி ஆணம்

என் ஆசை ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அடங்கியிருக்கும் மையவாடிக்குப் பெண்கள் நாங்கள் வருவதில்லை. உன் தங்கச்சிக்குச் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த முறை ஆலங்குடாப் பக்கத் தோட்டங்களில் தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது. காலையில் மரக்கறி ஓட்டோ வந்தபோது நான்தான் பொறுக்கினேன். கையில் பாரமாக இருக்கிறதா, தோல் இறுக்கமாக இருக்கிறதா, காம்படியில் மணம் வருகிறதா என்று பார்த்து எடுத்தேன். பெரிதாகப் பளபளத்ததில் மணமே இல்லை. திருப்பி வைத்துவிட்டேன். ஆனாலும் உனக்கு வந்த கை எனக்கு வராது.

நீ கிணற்றடியில் விழுந்த நாள் நினைவிருக்கிறதா? வலது கையும் காலும் இழுத்துவிட்டன, வாய் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி சொன்னார்: "பிரஷர் நல்லாக் கூடிட்டுது. மருந்தோட உப்பையும் குறைக்கவேணும். கருவாடு, மாசிக் கருவாடு, ஊறுகாய் ஒண்டும் வேணாம்." நீ அந்தக் கோணிய வாயாலேயே என்னிடம் சொன்னாய்: "உப்பளத்துக்காரன்ட பொஞ்சாதிக்கு உப்பு வேணாமாம்." எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மச்சான் விடிந்ததும் உப்பளத்துக்குப் போய்விடுவார். உன் மகள் ஹஸ்னா அப்போது படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் இருந்த நான் உன் குசினியில் சமையலை எடுத்துக்கொண்டேன். முதல் கிழமை முழுக்க நீ சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டாய். "கடல் தண்ணியக் கூட வாயில வைக்கலாம்டி, இத ஏலாது."

நானும் பதிலுக்குக் கத்தினேன். அது நியாயமா? மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து முகாமில் கிடந்த காலத்தில், கறியில்லாத நாட்களில் சோற்றில் உப்பைத் தூவி, பச்சை மிளகாயைக் கடித்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள். அப்படிப் பழகிய நாக்கை ஒரு கிழமையில் மாற்றப் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள், பழுத்து வெடித்த தக்காளி கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது. சட்டியில் வெங்காயமும் வெள்ளைப்பூடும் கறிவேப்பிலையும் வதக்கி, தக்காளியைப் பிசைந்து போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் சின்ன நெருப்பில் வைத்தேன். தன் சாற்றிலேயே வெந்து சுண்டி, நிறம் கறுத்துச் சிவந்தது. மிளகுத்தூள் போட்டு, பாரைமீன் துண்டுகளை வைத்து மூடினேன். உப்பு ஒரு சிட்டிகைதான்.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாய்.

"புளி போட்டியா?"

"இல்ல."

"மாசி?"

"இல்ல ராத்தா. தக்காளி மட்டும்தான்."

"அப்ப நாளைக்கும் இந்த ஆணத்தையே ஆக்கு."

மறுநாள் அவசரத்தில் நான் வாங்கி வந்ததைப் பார்த்து, "இது தக்காளியாடி? தண்ணிப் பை!" என்று ஏசினாய். அடுத்த நாள் தொடக்கம் நீ உட்காரக் கதிரையை வாசல் படலையடியில் போடச் சொன்னாய். நீயே இடது கையால் பொறுக்கினாய். "அமத்திப் பாக்காதீங்க உம்மா," என்று ஓட்டோக்காரர் சொன்னால், "நான் எங்க அமத்தின? தூக்கித்தான் பாக்கிறன்," என்பாய்.

நான் எல்லாவற்றையும் பிரிட்ஜில் வைத்தேன். நீ வெளியே எடுக்க வைத்தாய். "குளிர்ல வச்சா மணம் செத்துப்போகும்." சுளகில், வெயில் படாத மூலையில், காம்புப் பக்கம் கீழே இருக்க, ஒன்றில் ஒன்று முட்டாமல் அடுக்கினாய். இனித் தாங்காது என்கிற அளவுக்குக் கனிந்தது மட்டும் பிரிட்ஜுக்குப் போகும். மழையில் வெடித்தது அன்றே சட்டிக்கு. பூஞ்சணம் பிடித்ததை வெட்டி மிச்சம் பிடிக்க நான் பார்த்தால், முழுதாக எறியச் சொல்வாய்.

ஒரு காலை, சுளகிலிருந்து ஒன்றை வலது கையால் தூக்கினாய். நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பளவு வந்தது, பிறகு விழுந்து சிதறியது. "பாத்தியாடி?" என்றாய். பார்த்தேன் ராத்தா.

பிரஷர் இறங்கியது. ஹஸ்னாவின் நிக்காஹ்வில் நீ பிறர் கை பிடிக்காமல் நடந்துபோய் உட்கார்ந்தாய். அதற்குப் பிந்திய வருடம் மறுபடி விழுந்தாய். அல்லாஹ் எடுத்துக்கொண்டான்.

உன் நாற்பதாம் நாள் முடிந்த பிறகு அலுமாரியைத் துப்புரவாக்கினேன். சாரிகளுக்கு அடியில் ஒரு ஜாம் போத்தல். உள்ளே கருவாட்டுத் துண்டுகள். மச்சானிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"நான்தான் குடுத்தன், தங்கச்சி," என்றார். "வெள்ளிக்கிழமைல ஒரு துண்டு. கெஞ்சிக் கேட்டா. எனக்கு மனசு கேக்கல்ல."

"அப்ப நான் இவ்வளவு காலமா ஆக்கிப்போட்டது?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் போத்தலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவரோடு கதையில்லை. எனக்குக் கோபம் கருவாட்டின் மேலா, நீ என்னிடம் மறைத்ததன் மேலா? இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் மச்சான் உப்பளத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் பிரஷர். ஹஸ்னா வந்து நின்றாள். "சாச்சி, உம்மாக்கு ஆக்கின தக்காளி ஆணம் வாப்பாக்கும் வேணுமாம்." ஆக்கினேன். ஒவ்வொரு நாளும் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். சட்டி வழித்த மாதிரித் திரும்பி வருகிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

நேற்று சட்டியைக் கொண்டுவந்த ஹஸ்னா, போகாமல் நின்றாள்.

"சாச்சி, அந்தப் போத்தல் நிறைய இருந்திச்சுத்தானே?"

ஓம், நிறையத்தான் இருந்தது. நான் அதை யோசிக்கவேயில்லை.

"உம்மா கடைசி நோன்பு மாசத்துக்குப் பிறகு ஒரு துண்டும் எடுக்கல்லயாம். வாப்பா குடுக்கக் குடுக்க வாங்கிப் போட்டு வச்சாவாம். 'இவரு ஆசையாக் குடுக்கிறாரு, வேணாம் எண்டு சொல்ல ஏலாது. தங்கச்சி பாடுபட்டு ஆக்குறா, தின்னவும் ஏலாது' எண்டாவாம். போத்தலை வாப்பாவே நீங்க கொண்டுபோய்க் காட்டினப்பதான் கண்டவராம். மற்றப் பக்கத்து வீட்டு மாமிக்கிட்ட உம்மா சொன்னதை அவ இப்பதான் எங்களுக்குச் சொன்னா."

"அப்ப உங்க வாப்பாவே வந்து இத ஏன் என்னட்ட சொல்லல்ல?"

"நீங்க எங்க சாச்சி கதைக்க விட்டீங்க?"

ராத்தா, எங்கள் இரண்டு பேரின் மனமும் நோகாமல் பார்த்துக்கொண்டாய். நான் மச்சானைத் தனியே விட்டுவிட்டேன். உன்னைப் பற்றிக் கதைக்க அவருக்கும் ஆள் வேண்டும்தானே?

இன்றைக்குப் பழங்களைச் சுளகில் அடுக்கிவிட்டேன். நாளைப் பகல் ஆணத்தை நானே கொண்டுபோகிறேன். கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பி வரமாட்டேன். அவர் சாப்பிட்டு, சொல்ல இருப்பதையெல்லாம் சொல்லி முடிக்கும் மட்டும் பக்கத்தில் இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

துஆவுடன்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
ரிஸ்வானா