வேலி இருந்த இடத்தில் ஒரு நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு,

இளஞ்செழியன் எழுதுவது. உன் முட்டி வலி தேவலையா? தங்கச்சி சுகன்யா படித்துக் காட்டும்வரை காலை நீட்டி உட்கார்ந்து கேள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ராய்ப்பூர் வெயில் நம் ஆட்டையாம்பட்டி வெயிலைவிட ஒன்றும் மோசமில்லை.

தீர்ப்பு வந்த பிறகு சொல்லலாம் என்று இதை வைத்திருந்தேன். நம் தெருப் பாதையைத் தோட்டத்துக்காரர் வேலி போட்டு மறித்த வழக்கில், நான் இங்கிருந்தே வீடியோவில் சாட்சி சொல்ல இலவச வக்கீல் ஏற்பாடு செய்தார் அல்லவா? நாங்கள் போர்வெல் போடும் லாரியின் படியில் செல்போனைச் சாய்த்து வைத்து, மேனேஜரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீதிபதி அம்மா திரையில் வந்ததும், தோட்டத்து வாசலில் நிற்கும் பழக்கத்தில் சட்டென்று எழுந்து, துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

“உங்க வயிறுதான் தெரியுது. உக்காந்து பேசுங்க” என்றார்.

“பரவாயில்லீங்க, நின்னுக்கறேனுங்க.”

“மொகத்தைப் பார்க்காம சாட்சியை எப்படிக் கேக்கறது?”

உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல் உன்னைக் கட்டிலோடு தூக்கிப்போனதுவரை நிதானமாகச் சொன்னேன். போன் சரிந்து விழாமல் பிடித்துக்கொண்டு மேனேஜர்தான் கடைசிவரை நின்றார்.

தீர்ப்புப்படி நேற்று வேலியைப் பிரித்ததாகச் சுகன்யா சொன்னதும் இங்கே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதைக் கொண்டுவரும் லாரி டிரைவரிடம் கைமுறுக்கு கொடுத்துவிடு. போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றும் வை. வேலி இருந்த இடத்தில் நாற்காலி போட்டு, உன்னைச் சுகன்யா ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

லாரி கிளம்புகிறது. போட்டோவுக்கு எழுந்து நின்றுவிடாதே அம்மா. எனக்கு உன் முகம் தெரிய வேண்டும்.

இளஞ்செழியன்