நான் சொன்ன இருபத்தொன்று

நேற்று மழை விட்டதும் கார்ப்பரேஷன் ஆள் தெருவோரம் முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார். மாடி வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்கள். நான் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நெடி உள்ளே போனதும் வழக்கம்போல முதலில் உன் கை கேட்டது. நீந்தி வந்து குளத்துச் சுவரை அறையும் சத்தம். அதன் பின்னால் உன் மூச்சு. அதன் பின்னால் உன் கேள்வி: "எவ்வளவுடி?"

முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாய். மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கும்போது கேட்கிறாய். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கும்போது கேட்கிறாய். பேய் பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும், உனக்குத் தெரியும். ஆனால் இதற்கு வேறு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கல்லூரி நீச்சல் அணியில் இருந்தவள் நீ. கரையில் உன் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கல்யாணத்தோடு குளத்தை விட்டாய். அப்புறம் பதினேழு வருஷம் தி. நகர் பள்ளி ஒன்றில் கணக்கு சொல்லிக்கொடுத்தாய். முப்பத்தொன்பது வயதில், ஒரு சித்திரை வெயிலில் என் வீட்டுக்கு வந்து, நம் வயதுக்காரர்களுக்கு நீச்சல் போட்டி நடக்கப்போகிறது, நூறு மீட்டருக்குப் பேர் கொடுத்துவிட்டேன் என்றாய். நான் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலேயே ப்ரூஃப் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. சிவப்புப் பேனாவைக் கையில் வைத்தபடியே உன்னை மேலும் கீழும் பார்த்து, பழைய நீச்சலுடை உனக்கு ஏறுமா என்று கேட்டேன். ஏறவில்லை. புதிதாக வாங்கப் பாண்டி பஜார் முழுக்க அலைந்தோம். மகளுக்கா என்று கடைக்காரர் கேட்டதும் ஆமாம் என்று சொல்லிவிட்டு, இல்லாத மகளுக்கு உன் இடுப்பளவைக் கொடுத்தாய். அவர் ஒரு தடவை உன்னைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்து நாம் சிரித்த சிரிப்பில் ஜூஸ் கடைக்காரர் பயந்துபோனார்.

அடையாறு பக்கம் இருந்த அந்தக் குளத்தில் மாலை நாலரை முதல் ஐந்தரை வரை பெண்களுக்கு. தினமும் நிற்காமல் நாற்பது சுற்று நீந்துங்கள், தம் கட்ட வரும் என்றார் அங்கிருந்த கோச். நீ தலையை ஆட்டிவிட்டு அவர் போனதும் என்னிடம் சொன்னாய், "மெதுவா நீந்திண்டே இருந்தா உடம்பு மெதுவா போறதைத்தான்டி கத்துக்கும்." போட்டியில் எந்த வேகத்தில் போக வேண்டுமோ அந்த வேகத்தில்தான் பயிற்சியும் என்பது உன் கட்சி. நூறு மீட்டரை ஒரு நிமிடம் இருபத்து நான்கு நொடியில் முடிக்க வேண்டும். அப்படியானால் இருபத்தைந்து மீட்டர் குளத்தின் ஒரு நீளத்துக்கு இருபத்தொரு நொடி. ஒரு நீளம் நீந்து, இருபது நொடி ஓய்வு, மறுபடி ஒரு நீளம். இப்படி இருபது தடவை. எந்த நீளமாவது இருபத்தொன்றைத் தாண்டிவிட்டால் அடுத்ததை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று முறை தாண்டினால் அன்றைக்கு அவ்வளவுதான், தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதுதான் இந்தப் பயிற்சியே என்று சொல்வாய். அதைச் சொல்ல உன் பள்ளி விளையாட்டு அறையிலிருந்து ஒரு ஸ்டாப் வாட்ச் எடுத்து வந்து என் கழுத்தில் மாட்டினாய். அந்தக் குளத்தில் சுவர்க் கடிகாரம்கூட இல்லை. உன் நேரம் என் வாயில் இருந்தது.

வைகாசியும் ஆனியும் நன்றாகப் போயின. பதினாறு, பதினெட்டு, ஒரு நாள் இருபதும் முடித்தாய். அன்று எனக்கு வாங்கிக் கொடுத்த போண்டாவில் பாதியை நீயே தின்றாய்.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது நீளம் இருபத்தொன்றைத் தாண்டியது. சொன்னேன். ஒன்றை விட்டுவிட்டுப் போனாய், மறுபடி தாண்டியது. இரண்டு நாள் கழித்து ஆறாவதிலேயே தாண்டியது. அதற்கடுத்த வாரம் நாலாவதில். உடை மாற்றும் அறையில் ஈரத் தலையோடு உட்கார்ந்துகொண்டு, இப்படியே போனால் பேரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், நாலு பேர் பார்க்கக் கடைசியாக வருவதற்கா இந்த வயதில் இந்தப் பாடு என்றாய். மறுநாள் நீ சுவரைத் தொட்டபோது வாட்சில் இருபத்திரண்டரை. தண்ணீரிலிருந்து நிமிர்ந்த உன் முகத்தைப் பார்த்தேன். "எவ்வளவுடி?" என்றாய்.

"இருபத்தொண்ணு," என்றேன்.

உனக்காகச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முழு உண்மை அது இல்லை. நீ நின்றுவிட்டால் எனக்கு அந்த ஒரு மணி நேரம் போய்விடும். காலையிலிருந்து ஊரார் எழுதிய பிழைகளைத் திருத்திவிட்டு, சமையல் முடித்துவிட்டு, மாலையில் ஒருத்தி எனக்காகக் காத்திருக்கிறாள் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவேனே, அது போய்விடும். அதற்காகத்தான் சொன்னேன். முதல் நாள் வாட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மூன்றாம் நாள் சரளமாக வந்தது.

ஆறு வாரம். இருபத்து மூன்று, இருபத்து மூன்றரை, ஒரு நாள் இருபத்து நான்கு. எல்லாவற்றையும் இருபத்தொன்று என்றேன். சந்தேகம் வராமலிருக்க நடுவில் ஒன்றிரண்டு இருபத்திரண்டும் போட்டேன். நின்றிருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பன்னிரண்டு, பதினைந்து என்று போய்க்கொண்டிருந்தாய்.

குளத்தைப் பெருக்கிக் கழுவும் கன்னியம்மா கரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாளே, அவள் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இன்னாம்மா சொல்லிக்கினு கீற அந்த அக்காகிட்ட? முன்னெல்லாம் நான் வெத்தல மடிக்கிறதுக்குள்ள இக்கரைக்கு வந்துடும். இப்போ மடிச்சு, வாயில போட்டு, மென்னுக்கினு கீறேன், அது இன்னும் வர்ல. மூஞ்சி வேற வெளுத்துப் போய்க் கீது." உனக்கு ஒன்றும் தெரியாது, போய் வேலையைப் பார் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

தெரியாதது அவளுக்கு இல்லை. பஸ் நிறுத்தத்தில் நீ அந்த அழுக்குத் திண்டிலேயே உட்கார ஆரம்பித்திருந்தாய். என் வீட்டுப் படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கினாய். முழங்கைக்கு மேல் எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே நீல நீலமாகக் கன்றியிருந்தது. டாக்டரிடம் காட்டு என்று ஒரு தடவை சொன்னேன். அதையும் எழுதிவிட வேண்டும், ஒரு தடவைதான் சொன்னேன். நீ சிரித்தாய். அசதி எல்லாம் மனசுதான், நேரம் கூடவே இல்லையே, வாட்ச் சொல்கிறதே என்றாய்.

ஆவணிக் கடைசியில் போட்டி. ஐம்பது மீட்டர் குளம், எட்டுப் பேர். நீ குதித்த அழகைப் பார்த்து ஒரு கணம் நான் சொன்னதெல்லாம் நிஜம் என்றே நினைத்தேன். திரும்பி வரும்போது பாதியில் உன் கைகள் தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கின. கடைசியாக வந்தாய். ஒரு நிமிடம் முப்பத்தாறு என்று மைக்கில் சொன்னார்கள். நீ நேரத்தைச் சொன்னவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாய். மனசுக்குள் ஒரு கணக்கு போடுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. முப்பத்தாறை அறுபதோடு கூட்டி நாலால் வகுக்க உனக்கு எத்தனை நேரம் ஆகும்?

திரும்பும்போது ஆட்டோ கோட்டூர்புரம் பாலம் தாண்டியது. அப்புறம் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய், "ஒரு மாசமா முடியலடி. உடம்புதான் பொய் சொல்றதுன்னு நெனச்சுண்டு இருந்தேன்." கோபத்தில் சொல்லவில்லை. ஆச்சரியத்தில் சொன்னாய். நான் உன் கையைப் பிடித்தேன். நீ எடுத்துக்கொள்ளவில்லை. திட்டியிருக்கலாம் நீ.

பத்து நாளில் தெரிந்துவிட்டது. நோய் ரத்தத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் உன் வீட்டுக்காரர் காப்பி வாங்கப் போயிருந்த ஒரு மதியம், நிஜமான நேரங்களைச் சொல் என்றாய். எனக்கு எல்லாம் நினைவிருந்தது. பிழை பார்க்கிறவளுக்குப் பிழைதான் நினைவில் நிற்கும். செவ்வாய் இருபத்திரண்டரை, வியாழன் இருபத்து மூன்று என்று நாள்வாரியாகச் சொல்லிக்கொண்டே போனேன். கண்ணை மூடிக் கேட்டாய். முடித்ததும், "அப்போ ஆடியிலேயே ஆரம்பிச்சிருக்கு," என்றாய். கரும்பலகையில் விடையை எழுதிக் கோடு போடுகிற குரல். அதைக் கேட்டதும் நான் அழுதேன். நீ தலையணைக்கடியிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாய்.

அன்று சாயங்காலம் டாக்டர் வந்தார். மருந்து, ஊசி, எத்தனை நாள் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று உன்னிடம் கேட்டார். கேட்க இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால்? உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு கணக்கையும் பாதியில் விட்டறியாதவள் நீ. உன் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை, கட்டில் ஓரத்தில் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தாய்.

"ஒண்ணும் இல்லே டாக்டர்," என்றாய்.

தை பிறப்பதற்குள் போய்விட்டாய். அந்தக் கேள்வியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய்.

இப்போது என் மருமகள் டாக்டர். ரத்த நோய்கள்தான் அவள் படிப்பு. தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள், எது கேட்டாலும் நறுக்கென்று பதில் சொல்லக்கூடியவள். குழம்பு ஊற்றிக்கொண்டே ஒரே வாக்கியத்தில் கேட்டுவிடலாம். மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்டால், நீ எனக்காகக் கேட்காமல் விட்டது வீணாகிவிடும் என்று சொல்லிக்கொள்கிறேன். அதுவும் நான் சொல்கிற இருபத்தொன்றுதான். பயமாக இருக்கிறது, அவ்வளவே.